ரொட்டி வண்டி: ஃபெராரியை வம்புக்கு இழுத்த ஒரு ஃபெராரி

ஃபெராரி என்றதும் என்ன ஞாபகம் வரும்? சிவப்பு நிறம், வழுவழுப்பான வளைவுகள், மூக்கில் துள்ளும் குதிரை... ஆனால் அதே கம்பெனியில் பிறந்த ஒரு காரைப் பார்த்து ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் "பிரெட்வேன்". காலையில் வீடு வீடாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுவார்களே, அந்த வேன்! பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் மரியாதையாக "கமியோனெத்" என்றார்கள். அதற்கும் சின்ன சரக்கு வண்டி என்றுதான் அர்த்தம் :)

முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அசல் பந்தயக் கார்தான். தரையோடு தரையாகத் தாழ்ந்த மூக்கு, நீளமான பானெட். பின்பக்கம் போனால்தான் அதிர்ச்சி. கூரை சரிந்து இறங்காமல் நேராகப் பின்னுக்குப் போய், கடைசியில் கத்தியால் வெட்டியது போலச் செங்குத்தாக முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு ஃபெராரி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

இது ஏன் இப்படி ஆனது என்பது வெறும் தகரத்தின் கதை இல்லை. கோபித்துக்கொண்டு வெளியேறிய பொறியாளர்கள், அவமானப்பட்ட ஒரு பணக்கார இளைஞர், தன்னை எதிர்த்தவர்களை மன்னிக்கத் தெரியாத ஒரு முதலாளி என்று மூன்று தரப்பு இதில் உண்டு. கூடவே ஒரு விசித்திரமான கேள்வியும் உண்டு. ஒரு கார் என்ன கார் என்பதை முடிவு செய்வது யார்? அதைச் செய்தவனா, ஓட்டுபவனா, இல்லை ஃபைலில் கையெழுத்துப் போடுபவனா?

கதை 1961-ல் தொடங்குகிறது. அந்த வருடம் ஃபெராரி கம்பெனிக்கு ஒரே நேரத்தில் கொண்டாட்டமும் எழவும். செப்டம்பர் 10 அன்று இத்தாலியின் மோன்சா ஓடுதளத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஃபெராரி ஓட்டிய ஜெர்மானியர் வொல்ஃப்காங் ஃபான் ட்ரிப்ஸ் விபத்தில் இறந்தார். அவருடைய கார் ஓரத்தில் நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்ததில் பார்வையாளர்கள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அதே பந்தயத்தை வென்று உலக சாம்பியன் ஆனவர் அவருடைய அணித் தோழர் ஃபில் ஹில். சாம்பியன் பட்டமும் சவப்பெட்டியும் ஒரே நாளில் வந்தன.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கம்பெனிக்குள் இன்னொரு வெடி. முதலாளி என்ஸோ ஃபெராரியின் மனைவி லாரா தொழிற்சாலை விவகாரங்களில் தலையிடுகிறார் என்று அதிகாரிகளுக்கு ரொம்ப நாளாகவே புகைச்சல். விற்பனைப் பிரிவின் தலைவர் ஜிரோலமோ கார்தினி வாய் திறந்து கேட்டுவிட்டார். என்ஸோ அவரை வெளியே அனுப்பினார். உடனே தலைமைப் பொறியாளர் கார்லோ கிட்டி, அணி மேலாளர் ரொமோலோ தவோனி, சோதனைப் பிரிவைக் கவனித்துவந்த ஜியோட்டோ பிட்ஸாரினி உட்பட முக்கியப் பொறுப்பில் இருந்த பலர் கார்தினிக்கு ஆதரவாக நின்றார்கள். வக்கீல் மூலம் கடிதமும் போனது. வக்கீல் கடிதம் அனுப்பினால் முதலாளி பணிந்து பேச வருவார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். என்ஸோவோ எல்லோரையும் சேர்த்தே வெளியேற்றிவிட்டார்! ஃபெராரி வரலாற்றில் இதை "அரண்மனைக் கலகம்" என்பார்கள்.

உலக சாம்பியன் அணி தன் மூளையில் பாதியை ஒரே நாளில் இழந்தது. காலியான நாற்காலியில் என்ஸோ உட்கார வைத்தது மவ்ரோ ஃபோர்கியெரி என்ற 26 வயது இளைஞரை. நம்ம ஊர் கணக்கில் படிப்பு முடித்து மூன்று நான்கு வருடம் ஆன பையன். அவர் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு ஃபெராரியில் இருந்து பட்டம் பட்டமாக வாங்கிக் கொடுத்தார் என்பது தனிக் கதை.

இங்கே நமக்கு வேண்டியவர் பிட்ஸாரினி. 1926-ல் லிவோர்னோவில் பிறந்தவர். பீசா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது, ஃபியட் டோபோலினோ என்ற குட்டிக் காரைப் பிரித்து மாற்றிக் கட்டியதுதான் அவருடைய பட்ட ஆய்வு. (கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குபவர்கள் கவனிக்கவும்!) 1957-ல் ஃபெராரியில் சேர்ந்தார். 1961-ல் அவர் கையில் இருந்த ரகசிய வேலைதான் பிற்காலத்தில் உலகத்திலேயே விலை உயர்ந்த கார்களில் ஒன்றாகப் போகும் 250 ஜி.டி.ஓ.

அது என்ன ஜி.டி.ஓ.? இதைப் புரிந்துகொள்ளாமல் ரொட்டி வண்டியைப் புரிந்துகொள்ள முடியாது.

அப்போது ஃபெராரியிடம் 250 ஜி.டி. எஸ்.டபிள்யூ.பி. என்று ஒரு கார் இருந்தது. 1959-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. எஸ்.டபிள்யூ.பி. என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு, 2400 மில்லிமீட்டர். மூன்று லிட்டர் வி-12 எஞ்சின். வார நாளில் ஆபீசுக்கும் ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் கொண்டுபோகலாம் என்ற வகை. அருமையான கார்தான், ஆனால் அதன் உடம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உடம்பு இல்லை, காற்றோடு மல்லுக்கட்டும் உடம்பு. வேகம் ஏற ஏற மூக்கு லேசாகத் தூக்கும். பந்தயத்தில் அது ஆபத்து.

பிட்ஸாரினி அதைச் சரிசெய்ய இறங்கினார். எஞ்சினைக் கீழே இறக்கினார், பின்னால் தள்ளினார், மூக்கைத் தாழ்த்தினார், வாலைத் தூக்கினார். அது பாதி முடிந்திருந்தபோதுதான் கலகம் வந்து அவர் வெளியே போனார். மீதியை ஃபோர்கியெரியும், உடல் கட்டும் ஸ்காலியெட்டியும் முடித்தார்கள். 1962 பிப்ரவரியில் என்ஸோ அதைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்.

அந்த 1962-லிருந்து உலகப் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ., தயாரிப்பாளர்களுக்கான பட்டத்தை ஜி.டி. கார்களுக்கு என்று மாற்றிவிட்டது. ஜி.டி. என்ற பெயர் வாங்க ஒரு மாடலை 100 கார்களாவது செய்திருக்க வேண்டும். ஆனால் ஜி.டி.ஓ. மொத்தமே 1964 வரை 36 கார்கள்தான் செய்யப்பட்டன. அப்புறம் எப்படி அனுமதி கிடைத்தது?

என்ஸோவின் வாதம் எளிமையானது. "இது புது கார் இல்லை ஐயா, பழைய எஸ்.டபிள்யூ.பி.தான். உடம்பை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம்." எஸ்.டபிள்யூ.பி. ஏற்கெனவே ஜி.டி. என்று பதிவானது. எனவே அதன் திருத்திய வடிவமும் ஜி.டி. சக்கர இடைவெளி அதே 2400 மில்லிமீட்டர், எஞ்சினும் அதே குடும்பம். ஆனால் சட்டம் (சேஸிஸ்) மாறியிருந்தது, எண்ணெய் முறை மாறியிருந்தது, மூன்று கார்புரேட்டர் ஆறாகியிருந்தது, நான்கு கியர் ஐந்தாகியிருந்தது, உடம்பு முழுக்கப் புதிது. இதைத் திருத்தம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். எஃப்.ஐ.ஏ. ஒப்புக்கொண்டது. ஜி.டி.ஓ.வில் உள்ள "ஓ" என்ற எழுத்து "ஓமொலொகாட்டோ" என்ற இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்து. "ஒப்புதல் பெற்றது" என்று அர்த்தம். ஒரு கார் தன் பெயரிலேயே "எனக்கு அனுமதி இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு திரிவது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்த வாதத்தை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

இனி பணக்கார இளைஞர். பெயர் ஜியோவானி வோல்பி, வெனிஸ் நகரத்துப் பிரபு. இவருடைய அப்பா ஜியுசெப்பே வோல்பி மின்சாரத் தொழிலில் கொழித்தவர், முசோலினியின் நிதியமைச்சராக இருந்தவர், வெனிஸ் திரைப்பட விழாவைத் தொடங்கி வைத்தவர். இன்றும் அந்த விழாவில் சிறந்த நடிகர், நடிகைக்குக் கொடுப்பது "வோல்பி கோப்பை"தான். அப்பா 1947-ல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயதுகூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். சொத்து கைக்கு வந்ததும் அந்தக் காலத்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் செய்வதைத்தான் அவரும் செய்தார்: பந்தய அணி தொடங்கினார். பழைய வெனிஸ் குடியரசின் பட்டப்பெயரான "செரெனிஸ்ஸிமா"வையே அணிக்கும் வைத்தார்.

வோல்பி என்ஸோவுக்கு நல்ல வாடிக்கையாளர். காசு கொடுத்துக் காரை வாங்கி, நல்ல ஓட்டுநர்களை உட்கார வைத்து, ஃபெராரி பெயருக்குக் கோப்பை வாங்கித் தருபவர். அவர் வாங்கிய கார்களில் ஒன்றுதான் 2819 ஜி.டி. என்ற எண் கொண்ட ஒரு எஸ்.டபிள்யூ.பி. பந்தயத்துக்கென்றே செய்த இலகுவான வகை. அதை முதலில் வைத்திருந்தவர் பெல்ஜிய ஓட்டுநர் ஒலிவியே ஜாந்தபியான். 1961 செப்டம்பரில் நடந்த டூர் டி ஃபிரான்ஸ் கார் போட்டியில் அவரும் லூசியன் பியாங்கியும் இதில் இரண்டாவதாக வந்தார்கள். பிறகு வோல்பி வாங்கினார். அக்டோபரில் பாரிஸ் அருகே மோன்ளெரி ஓடுதளத்தில் நடந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் மொரிஸ் த்ரந்தினியானும் நினோ வக்கரெல்லாவும் இதை ஓட்டி மூன்றாம் இடம். முதலிடம் மெக்சிகோவின் ரொட்ரிகெஸ் சகோதரர்களுக்கு. இந்த விவரத்தையும் மனதில் வையுங்கள்.

வோல்பிக்கு அடுத்து வேண்டியது ஜி.டி.ஓ. ஆர்டரும் கொடுத்தாயிற்று. இந்த நேரத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். ஃபெராரியிலிருந்து வெளியேறியவர்கள் ஏ.டி.எஸ். என்ற பெயரில் புதுக் கம்பெனி தொடங்க முயன்றபோது, பணம் போட்டவர்களில் ஒருவராகச் சேர்ந்துவிட்டார்.

என்ஸோவுக்கு அது துரோகம். கொடுப்பதாக இருந்த ஜி.டி.ஓ.க்கள் ரத்து! யாருக்கு ஜி.டி.ஓ. விற்பது என்பதை என்ஸோவே பார்த்து முடிவு செய்த காலம் அது. கையில் காசு இருந்தால் மட்டும் போதாது, முதலாளியின் முகம் சுளிக்காமலும் இருக்க வேண்டும்.

வோல்பியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1962 மார்ச்சில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றது வோல்பி அணியின் பழைய ஃபெராரி டெஸ்டா ரோஸா. ஓட்டியவர்கள் யோ போனியரும் பியாங்கியும். அதே பந்தயத்தில் முதல்முறையாகக் களமிறங்கிய ஜி.டி.ஓ. இரண்டாம் இடம். ஃபெராரி காரில் ஃபெராரிக்கே வெற்றி தேடித் தந்தவருக்கு ஃபெராரி கார் கிடையாது! ஜி.டி.ஓ. இல்லாமல் ஜூன் மாதம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனால், பழைய எஸ்.டபிள்யூ.பி.யை வைத்துக்கொண்டு புகையைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் கணக்கு ஒன்று பிடிபட்டது. ஜி.டி.ஓ. என்ஸோவிடம் இருக்கிறது, சரி. ஆனால் அதை யோசித்தவர் இப்போது வெளியே இருக்கிறாரே! வோல்பி பிட்ஸாரினியிடம் 2819-ஐ ஒப்படைத்தார். ஜி.டி.ஓ.வை அடிக்கும் ஒரு கார் செய்துகொடுங்கள் என்பதுதான் வேலை.

ஒரு பொறியாளருக்கு இப்படிப்பட்ட வாய்ப்பு எத்தனை தடவை வரும்? பாதியில் பிடுங்கப்பட்ட சொந்த வேலையை, இன்னொரு காரில், யாரிடமும் கை கட்டி நிற்காமல் முடிக்கலாம். பிட்ஸாரினி தான் ஜி.டி.ஓ.வில் நினைத்ததை எல்லாம் இதில் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்.

முதலில் எஞ்சின். சாதாரணக் காரில் எஞ்சின் எண்ணெய் அடியில் உள்ள தொட்டியில் தேங்கி நிற்கும். அந்தத் தொட்டி தரையில் இடிக்கக் கூடாது என்பதால் எஞ்சினை உயரத்தில் வைக்க வேண்டியிருக்கும். எண்ணெயை வேறொரு இடத்தில் தனித் தொட்டியில் வைத்துப் பம்பு மூலம் சுற்றவிட்டால், அடித்தொட்டி மெலிந்துவிடும், எஞ்சினைத் தரைக்கு நெருக்கமாக இறக்கலாம். இதுதான் டிரை சம்ப். ஜி.டி.ஓ.வில் இருந்த இந்த முறை 2819-க்கும் வந்தது. இறக்கிய எஞ்சினை முன் அச்சைத் தாண்டிப் பின்னாலும் தள்ளினார். காரின் எடை நடுவில் குவிந்தது, வளைவில் திரும்பும்போது மூக்கு அடம்பிடிக்காது. மூன்று கார்புரேட்டர்களை எடுத்துவிட்டு ஆறு வெபர் கார்புரேட்டர்கள் வைத்தார். பானெட்டை எவ்வளவு தாழ்த்தினாரென்றால், கார்புரேட்டர்கள் மேலே முட்டிக்கொண்டு நின்றன. அதற்காகப் பானெட்டின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு கூண்டு வைக்க வேண்டியிருந்தது. புகைப்படங்களில் ஒரு சின்ன மீன் தொட்டி போலத் தெரியும்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஜி.டி.ஓ.வின் ஐந்து கியர் பெட்டி. பழைய நான்கு கியரோடுதான் ஓட வேண்டியிருந்தது.

அடுத்து அந்தப் பின்பக்கம். காற்றில் குறைந்த தடையோடு போக உகந்த வடிவம் நீர்த்துளி: முன்னால் உருண்டு, பின்னால் நீளமாகக் கூர்ந்து முடிய வேண்டும். அப்படி ஒரு வாலை காரில் வைத்தால் நீளம் தாங்காது. அவசரமாகச் சரித்து இறக்கினால் காற்று உடம்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழலும், அந்தச் சுழல் காரைப் பின்னால் இழுக்கும். மண் ரோட்டில் போகும் பஸ்ஸின் பின் கண்ணாடியில்தான் புழுதி அதிகம் படியும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இந்தச் சுழலின் வேலை. 1930-களில் ஸ்டுட்கார்ட்டில் ஆராய்ச்சி செய்த வுனிபால்ட் காம் இதற்கு ஒரு வழி காட்டினார். நீர்த்துளியின் வாலை மெல்லச் சரித்துக்கொண்டே வந்து, பாதி வழியில் பட்டென்று வெட்டிவிடுங்கள். காற்று கிட்டத்தட்ட முழு வால் இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும். "காம் வால்" என்று இதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

ஜி.டி.ஓ.விலும் வெட்டிய வால் உண்டு, ஆனால் கூரை அழகாகச் சரிந்து வந்து வாலைத் தொடும். பிட்ஸாரினி இதில் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூரையை முடிந்த மட்டும் உயரத்திலேயே பின்னால் கொண்டுபோய், அப்படியே நறுக்கினார். அலுமினியத் தகட்டில் அதைத் தட்டி உருவாக்கியவர் மொடேனாவில் பட்டறை வைத்திருந்த பியரோ ட்ரோகோ. இவரும் சும்மா ஆள் இல்லை. 1960 இத்தாலிய ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கூப்பர் கார் ஓட்டி எட்டாவதாக வந்தவர்!

வேலை முடிந்ததும் எடை போட்டார்கள். 935 கிலோ. ஜி.டி.ஓ.வை விடக் குறைவு. உயரத்திலும் ஜி.டி.ஓ.வை விடத் தணிந்திருந்தது. அழகில் மட்டும்தான் தோற்றது. அந்த விஷயத்தில்கூட முடிவான தீர்ப்பு சொல்ல முடியாது. வேலைக்கு ஏற்ற உடம்பு என்று பார்த்தால், ரொட்டி வண்டிக்கு ஒரு முரட்டு நேர்மை உண்டு. பார்க்கப் பார்க்கப் பிடித்துப் போகிற ரகம்.

1962 ஜூன் 23, சனிக்கிழமை மாலை நான்கு மணி. லெ மான்.

ஆனால் கொடி அசைப்பதற்கு முன்பே ஒரு பஞ்சாயத்து முடிந்திருந்தது. 2819-ஐ ஜி.டி. பிரிவில் சேர்க்கவில்லை. இது ஜி.டி. கார் இல்லை, சோதனைக் கார் என்று சொல்லி முன்மாதிரிகள் ஓடும் பிரிவில் தள்ளிவிட்டார்கள். ஃபெராரியின் ஆட்சேபம்தான் இதற்குக் காரணம் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது.

மனதில் முடிந்து வைத்த வாதத்தை இப்போது அவிழ்க்கலாம். ஜி.டி.ஓ.வுக்குப் புதிய சட்டம், புதிய உடம்பு, புதிய கியர் பெட்டி. காகிதத்தில் அது "உடம்பு மாற்றிய எஸ்.டபிள்யூ.பி." எனவே ஜி.டி. ரொட்டி வண்டியோ உண்மையிலேயே உடம்பு மாற்றிய எஸ்.டபிள்யூ.பி. ஃபெராரி தொழிற்சாலையில் எஸ்.டபிள்யூ.பி.யாகப் பிறந்து, எஸ்.டபிள்யூ.பி.யாகப் பந்தயம் ஓடி, பட்டறைக்குப் போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்த கார். அதன் சட்டமும் பழையது, கியர் பெட்டியும் பழையது. ஆனால் அது ஜி.டி. இல்லையாம்!

விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் அதிகாரிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. திருத்தங்களைத் தயாரிப்பாளர்தான் பதிவு செய்ய வேண்டும். ட்ரோகோவின் பட்டறையில் தட்டிய உடம்பை என்ஸோ போய்ப் பதிவு செய்வாரா என்ன? சட்டப்படி சரி. ஆனால் இதன் பொருள் என்னவென்றால், ஒரு காருக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை, அதற்காக யார் வந்து பேசுகிறார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள்.

பந்தயத்துக்கு வருவோம். கதவில் எண் 16. ஓட்டியவர்கள் இருவர். ஒருவர் கார்லோ மரியா அபாத்தே. இன்னொருவர் இத்தாலியில் பந்தயம் ஓட்டிவந்த ஆங்கிலேயர் காலின் டேவிஸ். இவருடைய அப்பா சாமி டேவிஸ் 1927-ல் இதே லெ மான் பந்தயத்தை பென்ட்லி காரில் வென்றவர். கூட்டம் ரொட்டி வண்டியைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பு அடங்க அதிக நேரம் ஆகவில்லை. பெரிய எஞ்சின் முன்மாதிரிகளுக்குப் பின்னால் ஏழாவது இடம். கவனிக்க வேண்டியது யார் பின்னால் வந்தார்கள் என்பதை. களத்தில் இருந்த ஜி.டி.ஓ.க்கள் எல்லாமே ரொட்டி வண்டியின் அந்த வெட்டுண்ட முதுகைப் பார்த்துக்கொண்டுதான் ஓடின.

சுமார் நான்கு மணி நேரம். பிறகு டிரைவ் ஷாஃப்ட் உடைந்தது. அவ்வளவுதான், கார் ஓரங்கட்டப்பட்டது. மீதி இருபது மணி நேரம் என்ஸோவுடையது. ஹில்லும் ஜாந்தபியானும் ஃபெராரியின் நான்கு லிட்டர் காரில் வென்றார்கள். ஆம், அதே ஜாந்தபியான், ரொட்டி வண்டிக்கு முதல் சொந்தக்காரர்! இரண்டாம், மூன்றாம் இடங்கள் ஜி.டி.ஓ.க்களுக்கு.

எனவே ரொட்டி வண்டிதான் ஜி.டி.ஓ.வை விடச் சிறந்தது என்று அடித்துச் சொல்லிவிடலாமா? ரசிகர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது கொஞ்சம் அதிகம். 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு மணி நேரம் முன்னால் இருந்தது ஆறில் ஒரு பங்குதான். உடையாமல் ஓடுவதும் வடிவமைப்பில் ஒரு பகுதி. பல மாதம் சோதித்த காருக்கும், அவசரத்தில் கட்டிய ஒற்றைக் காருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஷாஃப்டில் தெரிந்தது. ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது. ஒரு சிறிய பட்டறையும், வேலையில்லாத ஒரு பொறியாளரும், பழைய காரும் சேர்ந்தால் ஃபெராரியின் புத்தம் புதிய ஆயுதத்துக்கு ஈடு கொடுக்க முடியும்.

அந்த வருடம் முழுவதும் ரொட்டி வண்டி ஓடியது. ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் டேவிஸ் அதை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். அக்டோபரில் மறுபடி பாரிஸ் 1000 கிலோமீட்டர். டேவிஸும் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டியும் ஓட்டினார்கள். மூன்றாம் இடம்! போன வருடம் பழைய சட்டையில் வாங்கிய அதே மூன்றாம் இடம். முதலிடமும் அதே ரொட்ரிகெஸ் சகோதரர்கள். ஆனால் போன வருடம் அவர்கள் ஓட்டியது எஸ்.டபிள்யூ.பி., இந்த வருடம் ஜி.டி.ஓ. இரண்டாவதாக வந்ததும் ஜி.டி.ஓ.தான். அதாவது போட்டியாளர்கள் எல்லோரும் ஒரு தலைமுறை முன்னேறிய இடத்தில், இந்தப் பழைய கார் தன் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த வெற்றிக்குப் பதினோரு நாள் கழித்து, தம்பி ரிகார்டோ ரொட்ரிகெஸ் சொந்த ஊரான மெக்சிகோவில் பயிற்சியின்போது இறந்தார். வயது இருபதுதான்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஏ.டி.எஸ். கம்பெனியிலிருந்து வோல்பி சீக்கிரமே விலகிக்கொண்டார். 1963-ல் ஃபில் ஹில்லையே இழுத்து வந்து ஃபார்முலா ஒன்னில் இறங்கிய ஏ.டி.எஸ்., படு மோசமாகத் தோற்று மூடப்பட்டது. பிட்ஸாரினி, ஃபெராரியோடு மோத வந்த இன்னொரு கோபக்காரரான ஃபெருச்சியோ லம்போர்கினிக்கு ஒரு வி-12 எஞ்சின் வரைந்து கொடுத்தார். அதன் வம்சம் 2010 வரை லம்போர்கினி கார்களில் ஓடியது. வேலையை விட்டுத் துரத்திய முதலாளிக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா? தன் பெயரிலேயே கார்களும் செய்தார். 2023 மே மாதம் 96 வயதில் காலமானார். ட்ரோகோ 1973-ல் ஒரு சுரங்கச் சாலை விபத்தில் போய்விட்டார்.

என்ஸோவுக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. எஞ்சினை நடுவில் வைத்த 250 எல்.எம். என்ற காரை 1964-ல் ஜி.டி. என்று பதிவு செய்யப் பார்த்தார். அதே பழைய வாதம்தான். இந்த முறை எஃப்.ஐ.ஏ. மசியவில்லை, போதிய எண்ணிக்கை எங்கே என்று கேட்டது. இத்தாலிய அமைப்பும் கைவிட்டதாகக் கோபித்துக்கொண்ட என்ஸோ, அந்த வருடத்தின் கடைசி இரண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் தன் கார்களை இத்தாலியின் சிவப்பு இல்லாமல் நீலம்-வெள்ளையில் ஓடவிட்டார். 1964 உலகப் பட்டத்தை ஜான் சர்டீஸ் வென்றது அந்த நீல ஃபெராரியில்தான். விதி வளைந்து கொடுக்காதபோது எப்படி இருக்கும் என்பதை வோல்பிக்குப் பின் இரண்டு வருடம் கழித்து அவரும் அனுபவித்தார்.

ஜி.டி.ஓ. இன்று கோடீஸ்வரர்களின் கனவு. 2018-ல் ஒரு ஜி.டி.ஓ. 48.4 மில்லியன் டாலருக்கும், 2023-ல் இன்னொன்று 51.7 மில்லியன் டாலருக்கும் ஏலம் போயின. ரொட்டி வண்டிக்கு இப்படி ஒரு சந்தை விலை சொல்ல முடியாது, ஒப்பிட இன்னொன்று இல்லையே. இடையில் அமெரிக்காவுக்குப் போய்ப் பல கைகள் மாறியது. பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பி, இங்கிலாந்தின் குட்வுட் போன்ற பழைய கார் பந்தயங்களில் ஜி.டி.ஓ.க்களுக்கு நடுவே அதே 16-ம் எண்ணோடு ஓடியிருக்கிறது. கூட்டம் அதிகம் மொய்த்ததும் அதைச் சுற்றித்தான்.

கடைசியாக ஒரு துணுக்கு. ஃபெராரி தொழிற்சாலைக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்மாதிரி, பந்தய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இரட்டைப்படை எண். ஜி.டி. கார்களுக்கு ஒற்றைப்படை எண். லெ மான் அதிகாரிகள் ஜி.டி. இல்லை என்று சொல்லித் தள்ளிவைத்த அந்தக் காரின் சட்டத்தில், மரனெல்லோவில் என்ஸோவின் ஆட்களே பொறித்தது: 2819 ஜி.டி.